தொடர்மாடி வீட்டு ஹோலுக்குப் புரொஜெக்டர் திரை: வாங்குவதா, செய்வதா, சுவரே போதுமா?

மே 4

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி, அவர் எழுதியபடியே:

“வாடகைத் தொடர்மாடி, மூன்றாம் மாடி. ஹோல் 11 அடி அகலம், 14 அடி நீளம். கிழக்குப் பக்கம் பெரிய யன்னல், கடல் தெரியும். புரொஜெக்டர் கொழும்பிலிருந்து வந்துவிட்டது, பெட்டியில் 3000 லூமென் என்று போட்டிருக்கிறது. கூட்டாளி ஒருவன், ‘திரைக்கு ஏன் காசைக் கொட்டுகிறாய், சுவருக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தால் காணும்’ என்கிறான். மச்சான், ‘120 அங்குல மோட்டார் திரையாக எடு’ என்கிறார். யார் சொல்வது சரி?”

மே 4, இரவு

சுவரா திரையா என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் தம்பி. முதலில் அளவு.

திரையின் அளவை மூலைக்கு மூலை சொல்வார்கள். 16:9 படத்தில் (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) 100 அங்குலம் என்றால் அகலம் 7 அடி 3 அங்குலம், உயரம் 4 அடி 1 அங்குலம். 120 என்றால் அகலம் 8 அடி 9 அங்குலத்துக்குக் கிட்ட, உயரம் 4 அடி 11. உங்கள் 11 அடிச் சுவரில் 120 அடங்கும்தான். ஆனால் இரண்டு பக்கமும் ஓர் அடி சொச்சம்தான் மிஞ்சும். ஸ்பீக்கரை எங்கே நிறுத்துவீர்கள்?

கடையில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மாஸ்கிங் டேப்பால் சுவரில் 92, 100, 120 மூன்றுக்கும் மூலைகளைக் குறியுங்கள். புரொஜெக்டரை முன்னும் பின்னும் நகர்த்தி ஒவ்வோர் அளவிலும் ஒரு முழுப்படம் பாருங்கள். பத்து நிமிடம் பார்த்தால் எல்லாருக்கும் பெரியதுதான் பிடிக்கும். இரண்டரை மணிநேரம் இருந்தால்தான் கழுத்து சொல்லும்.

மே 5

இன்னொரு கணக்கு விட்டுப்போனது. புரொஜெக்டரின் கையேட்டில் ‘த்ரோ ரேஷியோ’ என்று ஓர் எண் இருக்கும். திரையிலிருந்து லென்ஸ் வரைக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது அது. உங்களுடையது 1.5 என்று பிறகு எழுதியிருக்கிறீர்கள். 100 அங்குலத்துக்கு ஏறத்தாழ 11 அடி தூரம் வேண்டும். 120க்கு 13 அடி. புரொஜெக்டரின் உடம்பு ஓர் அடி, பின்னால் வயர் வளைய இடம், காற்று போக இடம் எல்லாம் சேர்த்தால் 14 அடி ஹோல் காணாது. மச்சானின் யோசனை இங்கேயே விழுந்துவிட்டது.

இருக்கும் தூரமும் முக்கியம். பின்சுவரோடு சோபா போட்டால் கண் ஏறத்தாழ 12 அடியில் இருக்கும். அந்த இடத்திலிருந்து 100 அங்குலத் திரை 34 பாகை அகலத்துக்குத் தெரியும். வீட்டுத் தியேட்டருக்கு 30 முதல் 40 பாகை வரை என்று சொல்வார்கள். நல்ல இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

மே 9

வெளிச்சக் கணக்கைப் பலர் கேட்டிருக்கிறீர்கள். விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் திரை வாங்கப் போகிறவர் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

தியேட்டர்களுக்கு வைத்திருக்கிற அளவு 48 நிட் (திரை எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதை அளக்கிற அலகு). நம்முடைய கணக்கில், சாதாரண வெள்ளை மட் (பளபளப்பில்லாத) திரையில் சதுர அடிக்கு 14 லூமென் விழுந்தால் அது கிடைக்கும். 100 அங்குலத் திரையின் பரப்பு 30 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது முழு இருட்டில் 420 லூமென் இருந்தால் தியேட்டர் வெளிச்சம். தம்பியின் 3000 லூமென், படம் பார்க்கிற மோடில் போட்டுப் பாதியாகக் குறைந்தாலும் 1500 மிஞ்சும். விளக்கு பழசாகி அதிலும் பாதியானாலும் 750. இந்த நிலையில் ‘கெயின் 1.5, கெயின் 2’ என்று சொல்லி விற்கிற பளபளத் திரைக்கு ஒரு தேவையும் இல்லை. கெயின் என்பது வெளிச்சத்தைப் பெருக்குவதில்லை. பக்கவாட்டில் போகிற வெளிச்சத்தைப் பிடித்து நடுவுக்குத் தருகிறது. நடுவில் இருப்பவருக்குப் பளிச்சென்று இருக்கும், ஓரக் கதிரையில் இருக்கிற அம்மாவுக்கு மங்கும்.

சின்ன எல்ஈடி புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவற்றில் பல, பெட்டியில் என்ன எண் இருந்தாலும், அளந்தால் 200 ஆன்சி லூமென் (தரமுறைப்படி அளந்த லூமென்) அளவில்தான் நிற்கும். அதைக் கொண்டு 100 அங்குலம் காட்டினால் சதுர அடிக்கு 7கூட வராது. 72 அங்குலத்துக்குச் சுருக்குங்கள், 13 வரும். படம் உயிர் பெறும். விலை கூடிய திரை செய்யாத வேலையை அளவைக் குறைப்பது செய்யும்.

மே 12

இப்போது சுவர். கூட்டாளி சொன்னதில் உண்மை இருக்கிறது. நன்றாக மட்டம் செய்து, பளபளப்பே இல்லாத மட் வெள்ளை எமல்ஷன் அடித்த சுவர், கெயின் ஏறத்தாழ 1 உள்ள, அதாவது வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் ஒரேபோலத் தருகிற, ஒரு திரைதான். சொந்த வீடாக, உள்சுவராக இருந்தால் நானே அதைச் சொல்லுவேன்.

உங்களுக்கு மூன்று தடை. வாடகை வீடு. சுவரின் பூச்சு. மூன்றாவது, கடல். கிழக்குப் பார்த்த வெளிச்சுவர் வாடைக் காலம் முழுவதும் நனைந்து நனைந்து காயும். உப்புப் பூக்கும், பெயின்ட் மேலெழும்பும். டச்பேப் பக்கம் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளைச் சுவரில் அப்படி ஒரு கொப்புளம் வந்தால், படத்தில் யார் முகம் அந்த இடத்துக்கு வந்தாலும் அதில் ஒரு மரு இருக்கும்.

மே 13

சுவரைப் பரிசோதிப்பது எப்படி என்று ஓர் அக்கா கேட்டிருக்கிறார். இரவில் எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். மேசன் கரண்டி போன வழியெல்லாம் தெரியும். புரொஜெக்டர் நேராக அடிப்பதால் இந்த அளவுக்குக் காட்டாது. ஆனாலும் கமரா மெல்ல நகரும் காட்சிகளில், ஆகாயமும் கடலும் வரும் இடங்களில், மேடுபள்ளம் படத்தோடு நகராமல் நிற்பதைக் கண் பிடித்துவிடும்.

மே 20

பிளெக்ஸ் பானர் பற்றி. மலிவு, எந்தப் பிரிண்டிங் கடையிலும் அச்சடிக்காத வெள்ளைத் துண்டு தருவார்கள், கண்ணி போட்டும் தருவார்கள். எங்கள் ஒழுங்கையில் கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்கு அதைத்தான் கட்டினோம், அன்றைக்கு அது அருமையான திரை. வீட்டுக்குள் வேறு கதை. மேற்பரப்பில் ஒரு மினுக்கம் இருக்கிறது, அதனால் நடுவில் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். சுருட்டி வைத்த மடிப்பு போகவே போகாது. பின்னால் யன்னல் இருந்தால் பகல் வெளிச்சம் ஊடுருவும். பின்பக்கம் கறுப்பாக வருகிற வகை ஊடுருவலைத் தடுக்கும், மினுக்கம் அதிலும் உண்டு.

வீட்டுக்கு நான் சொல்வது யன்னல் திரைச்சீலைக்கு உள்ளே தைக்கிற பிளாக்அவுட் துணி. வெள்ளை, மட் முகம், மினுக்கம் இல்லை, வெளிச்சம் ஊடுருவாது. கடையில் துணியைக் கையில் எடுத்து யன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள், பளபளத்தால் வேண்டாம். நெசவு வரி தெரியாத முகம் எதுவோ அதுதான் படத்துக்கு.

ஜூன் 2

கிண்ணியாவிலிருந்து ஒரு அண்ணா: “பகலில் மட்ச் பார்க்க வேண்டும் என்றால் சாம்பல் திரைதானே? கறுப்பு கறுப்பாகத் தெரியும்.”

அண்ணா, இதை நான் நீண்ட நாளாக யோசித்து வந்தேன். சாதாரண மட் சாம்பல் துணி, தன்மேல் விழுகிற எல்லா வெளிச்சத்தையும் ஒரே அளவில் குறைக்கிறது. யன்னலிலிருந்து வருகிற வெளிச்சம் 30 வீதம் குறைந்தால் புரொஜெக்டர் வெளிச்சமும் 30 வீதம் குறைகிறது. கறுப்பு கொஞ்சம் இருளும், வெள்ளையும் அதே பங்குக்கு இருளும். இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் மாறவில்லை. பகல் வெளிச்சத்தை அது விரட்டாது. அது உதவுவது வேறு இரண்டு இடத்தில். இருட்டறையில் புரொஜெக்டரே முழுக் கறுப்பைக் காட்ட முடியாமல் ஒரு சாம்பல் ஒளியைக் கசியவிடும், அதைத் தணிக்கும். அறையின் வெள்ளைச் சுவர்களில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சத்தையும் கொஞ்சம் குடிக்கும்.

பகல் வெளிச்சத்தைத் திசை பார்த்து ஒதுக்குவது ஏஎல்ஆர் என்று விற்கிற திரைகள். அவற்றின் மேற்பரப்பு நுண்ணிய வரிகளாலோ பூச்சாலோ ஆனது. ஒரு திசையிலிருந்து வருவதைக் கண்ணுக்கு அனுப்பும், மற்றத் திசையை விலக்கும். விலையும் அதிகம், பக்கத்தில் இருப்பவருக்கு மங்கலும் அதிகம். இன்னொன்றைக் கவனமாகக் கேளுங்கள்: சுவரோடு ஒட்டித் தரையிலிருந்து மேல்நோக்கி அடிக்கிற புரொஜெக்டர்களுக்கென்று ஒரு வகை ஏஎல்ஆர் இருக்கிறது. அது மேலிருந்து வருகிற வெளிச்சத்தை விலக்கவே செய்யப்பட்டது. தம்பியைப்போல் சீலிங் பக்கம் புரொஜெக்டர் வைப்பவர் அதை வாங்கினால், புரொஜெக்டரின் வெளிச்சத்தையே அது விலக்கிவிடும். இதைச் சொல்லாமலே விற்கிறார்கள்.

இந்தக் காசில் கால் பங்கை யன்னலுக்குப் போடுங்கள். நம்முடைய ஊரில் வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று எல்லாருக்கும் தெரியும், காலையில் கடலிலிருந்து. தடித்த இரட்டைத் திரைச்சீலை, மேலே வெளிச்சம் கசியாமல் ஒரு பெட்டி, பக்கங்களைச் சுவரோடு ஒட்ட வெல்குரோ. பகல் பதினொரு மணிக்கும் அறை இருண்டுவிடும்.

ஜூன் 3

நேற்று எழுதியதில் சுவரும் சீலிங்கும் விட்டுப்போயின, அவைதான் பெரிய விஷயம்.

வெள்ளைச் சீலிங் உள்ள சிறிய ஹோலில் படத்தின் ஒரு வெளிச்சமான காட்சி, அறையையே லைட் போட்டதுபோல் ஆக்கும். அந்த வெளிச்சம் சுற்றிவந்து மறுபடி திரையில் விழும், கறுப்பு வெளுக்கும். திரையிலிருந்து முதல் நாலைந்து அடிக்குள் இருக்கிற சுவரையும் சீலிங்கையும் இருட்டாக்கினாலே பெரிய வித்தியாசம். வாடகை வீட்டில் பெயின்ட் அடிக்க முடியாது. கம்பி கட்டிக் கடும் நிறத் துணி தொங்கவிடலாம். நான் போட்டிருப்பது மருதமுனைக் கைத்தறித் துணி, கடும் நீலம். பருத்தி என்பதால் மினுக்கம் இல்லை. படம் முடிந்ததும் ஒரு பக்கம் ஒதுக்கிவிடலாம், வீடு வீடாகவே இருக்கும்.

என்னைக் கேட்டால், திரைக்குச் செலவழிப்பதற்கு முன் அறையின் இந்தப் பகுதிக்குச் செலவழியுங்கள். இருண்ட அறையில் மலிவுத் துணி காட்டுகிற படத்தை வெள்ளை அறையில் எந்த விலைத் திரையும் காட்டாது. இதை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் கடைசியில் கேட்பது “எந்தத் திரை அண்ணா?” என்றுதான்.

ஜூன் 22

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. நிலாவெளியில் ஒருவர் சுருள் திரை வாங்கி, அது படகுப் பாய்போல ஆடுகிறது என்று படம் அனுப்பியிருக்கிறார். யன்னலைச் சாத்தினால் வேர்க்கும், ஃபேன் போட்டால் மறுபடி ஆடும்.

மேலிருந்து இறங்கும் திரைகளில் சாதாரணவற்றைப் பிடித்து நிற்பது கீழ்க்கம்பியின் பாரம் மட்டும்தான். காலப்போக்கில் ஓரங்கள் உள்ளே சுருளும், நடுவில் அலை விழும். பக்கவாட்டில் நூல் இழுத்து இறுக்கிப் பிடிக்கிற வகை உண்டு, அது நல்லது, விலை வேறு. அப்புறம் உப்புக்காற்று. சுருளுக்குள் இருக்கிற ஸ்பிரிங் துருப்பிடித்தால் திரை பாதியில் நிற்கும். ஹோலை வேறு எதற்கும் பாவிக்க வேண்டும், திரை மறைய வேண்டும் என்றால் மட்டும் சுருள் திரை. இல்லாவிட்டால் சட்டத்தில் இழுத்துக் கட்டிய நிலையான திரைதான் நம் கரைக்குச் சரி.

ஜூலை 6

தம்பி தீர்மானித்துவிட்டார், சட்டம் அடிக்கப் போகிறார். சந்தோஷம். விபரமாக எழுதுகிறேன்.

மரமா அலுமினியமா? நன்றாகக் காய்ந்த மரம் கிடைத்தால் மரம் இலகு, துணியை நேரே ஸ்டேப்பிள் அடிக்கலாம். ஆனால் பலகைக் கடையில் கிடைப்பது பாதி ஈரத்தோடு வரும். மார்கழியில் முறுகினால் துணியிலும் சுருக்கம் வரும். நான் அலுமினியப் பொக்ஸ் பார் பக்கம். யன்னல், கதவு செய்கிற அலுமினியக் கடைக்காரர் வெட்டி மூலை பொருத்தித் தருவார். பின்பக்கம் மெல்லிய மரச்சட்டத்தை ரிவெட் அடித்துவிட்டால் துணியை அதில் ஸ்டேப்பிள் பண்ணலாம்.

மாடிப்படியை அளந்தீர்களா? இதைப் பலர் மறப்பார்கள். ஏழடிச் சட்டம் கீழே கடையில் அழகாக நிற்கும், இரண்டாம் மாடி வளைவில் திரும்பாது. நீளச் சட்டங்களை நடுவில் வெட்டி, உள்ளே செருகுகிற துண்டு வைத்து, போல்ட் போட்டுப் பூட்டுகிறபடி செய்யச் சொல்லுங்கள். நடுவே ஒரு நிமிர்சட்டமும் வேண்டும், இல்லாவிட்டால் துணியின் இழுவைக்கு மேலும் கீழும் உள்ளே வளையும். அந்த நிமிர்சட்டம் முன்முகத்திலிருந்து அரை அங்குலமாவது பின்தள்ளி நிற்க வேண்டும். துணியைத் தொட்டால் படத்தின் நடுவில் ஒரு கோடு விழும்.

துணியை அயர்ன் பண்ணி, ஓரிரவு தொங்கவிட்டு, பிறகு இழுங்கள். மேல் நடுவில் ஒன்று, கீழ் நடுவில் ஒன்று, இடம், வலம். அப்புறம் எதிரெதிர்ப் பக்கமாக நடுவிலிருந்து மூலைக்குப் போங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் துணி சரிந்துவிடும். இரண்டு பேர் வேண்டும்.

சுற்றிவரக் கறுப்பு வெல்வெட், மூன்று அங்குல அகலம். சட்டைத் துண்டு விற்கிற துணிக்கடையில் கிடைக்கும். அழகுக்கு என்று நினைக்காதீர்கள். படத்தின் ஓரம் கொஞ்சம் வழிந்தாலும் வெல்வெட் அதைக் குடித்துவிடும், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். கறுப்புப் பெயின்ட் அந்த வேலையைச் செய்யாது.

ஜூலை 7

துணியின் அகலம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 54 அங்குல அகலத்தில் வருகிற துணியைக் கிடையாகப் போட்டால் 100 அங்குலத் திரையின் 49 அங்குல உயரம் ஒட்டில்லாமல் அடங்கும். மேலும் கீழும் இரண்டரை அங்குலம்தான் மிஞ்சும். பாரைச் சுற்றிப் பின்னால் எடுத்து ஸ்டேப்பிள் அடிக்க அது இறுக்கம். 92 என்றால் உயரம் 45 அங்குலம், நாலரை மிஞ்சும், கை தாராளமாக வேலை செய்யும். இரட்டை அகலத் துணி கிடைத்தால் 100 போங்கள், இல்லாவிட்டால் 92. எட்டு அங்குலத்துக்காக ஒட்டுப் போட வேண்டாம், ஒட்டு தெரியும்.

ஜூலை 19

ஒருவர், “இத்தனை பாடு ஏன், நல்ல டிவி வாங்கலாமே” என்கிறார். வாங்கலாம். தனியே பார்க்கிறவருக்கு டிவிதான் சுகம்.

நான் சின்ன வயதில் படம் பார்த்தது வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து. முற்றத்தில் மேசை போட்டு, டிவி வைத்து, ஜெனரேட்டர் பின்வளவில் உறுமிக்கொண்டிருக்கும். பாய் விரித்து அயல் முழுவதும் இருக்கும். அந்தச் சிறிய டிவியில் பின்வரிசைக்கு முகமே தெரியாது, ஆனாலும் எவரும் எழும்பிப் போகவில்லை. இப்போது ஒரு வெள்ளிக்கிழமை இரவு கீழ்வீட்டுப் பிள்ளைகள் வந்து தரையில் இருக்கும்போது ஓரத்தில் இருக்கிற பிள்ளைக்கும் நடுவில் இருக்கிற பிள்ளைக்கும் ஒரே படம் தெரிகிறது. நான் கெயின் 1 மட் வெள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகஸ்ட் 15

தம்பியின் சட்டம் 92 அங்குலம், மேலே ஏறிவிட்டது. சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லையாம். அப்படியானால் டிவி ராக்கின் பின்பக்கம் இரண்டு நிமிர்ந்த பார் பூட்டி அதில் தொங்கவிடுங்கள், அலுமினியச் சட்டத்துக்கு அது தாங்கும். படத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடிக்குள் இருக்கட்டும். ராக்கில் நடு ஸ்பீக்கரை வைத்து, முகத்தைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துவிடுங்கள், பேச்சு படத்திலிருந்து வருவதுபோலக் கேட்கும்.

போல்ட்டுகளை முற்றாக இறுக்குவதற்கு முன் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளங்கள், ஒரே எண் வர வேண்டும். சட்டம் கோணலாக இருந்தால் அதைப் புரொஜெக்டரின் கீஸ்டோனால் (படத்தின் கோணலைத் திருத்துகிற செட்டிங்) சரிக்கட்டத் தோன்றும். அது படத்தின் புள்ளிகளைச் சுருக்கித்தான் சரிக்கட்டும், எழுத்தின் கூர்மை போகும். புரொஜெக்டரை நேராக்குங்கள். லென்ஸ் ஷிஃப்ட் (லென்ஸை மட்டும் நகர்த்துகிற திருகு) இருந்தால் அதைத் திருப்புங்கள். கீஸ்டோன் சுழியத்திலேயே நிற்கட்டும்.

நவம்பர் 24

மழை. திரையில் கறுப்புப் புள்ளிகள் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்குப் பூஞ்சணம், மற்றவருக்குப் பல்லி.

திரையைச் சுவரோடு ஒட்ட வைக்காதீர்கள், ஓர் அங்குலமாவது காற்று போக வேண்டும். படம் பார்க்காத நாளில் பழைய பருத்தி விரிப்பால் மூடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். பல்லி எச்சத்தை ஈரத்துணியால் துடைத்தால் கறை பரவும். காயவிட்டு மெல்லிய தூரிகையால் தட்டுங்கள்.

இடி மின்னல் நாளில் பிளக்கைக் கழற்றுங்கள். விளக்கு வகைப் புரொஜெக்டர் வைத்திருப்பவர் சின்ன யூபிஎஸ் ஒன்று போடுவது நல்லது. அணைத்த பிறகும் உள்ளே ஃபேன் சுற்றி விளக்கு ஆற வேண்டும், கரண்ட் சட்டென்று போனால் அது நடக்காது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வெட்டிய காலத்தில் எத்தனை விளக்குகள் போயின என்று திருத்துகிற கடைகளைக் கேட்டுப் பாருங்கள்.

டிசம்பர் 8

தம்பியின் கடைசிக் கேள்வி: அகலப் படங்களில் மேலும் கீழும் வருகிற பட்டை சாம்பலாகத் தெரிகிறது, அதை மறைக்கலாமா?

மறைக்கலாம், மறைத்தால் படமே வேறு. 2.39 விகிதப் படத்துக்கு உங்கள் 92 அங்குலத் திரையில் மேலே ஏறத்தாழ 6 அங்குலம், கீழே 6 அங்குலம். இலகுவான ஃபோம் பலகையை அந்த அகலத்துக்கு இரண்டு துண்டாக வெட்டி, அதே கறுப்பு வெல்வெட்டைச் சுற்றி ஒட்டுங்கள். காந்தம் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார், அலுமினியத்தில் ஒட்டாது. மேல்பட்டையைச் சட்டத்தின் மேல்விளிம்பில் கொளுக்கி மாட்டித் தொங்கவிடலாம். கீழ்ப்பட்டைக்குச் சட்டத்தின் கீழ்ப்பாரில் இரண்டு எல் வடிவத் தாங்கி பூட்டினால் அதன்மேல் நிற்கும், 16:9 படத்துக்குக் கையால் தூக்கி எடுத்துவிடலாம்.